எண்பதுகளில் கட்டிய மாடி வீட்டுக்குக் குறைந்த செலவில் களை கூட்டுவது எப்படி

தமிழ்நாட்டு ஊர்களில் எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகள் வரை கட்டப்பட்ட கான்கிரீட் வீடுகளைப் பார்த்தவுடனே அடையாளம் சொல்லிவிடலாம். முன்னால் ஒரு போர்டிகோ, ஜன்னல்களுக்கு மேல் நீண்ட சன்ஷேட், தட்டைக் கம்பியில் சூரியனோ தாமரையோ வளைத்த கிரில், கூடத்தில் கண்ணாடி தள்ளித் திறக்கும் ஷோகேஸ், அறைக்கு அறை லாஃப்ட், சமையலறையில் கடப்பாக் கல், கால் வைத்தால் குளிரும் மொசைக் தரை, மாடியின் கைப்பிடிச் சுவரில் சிமெண்டில் புடைத்து நிற்கும் வீட்டின் பெயரும் கட்டிய ஆண்டும். ஓட்டு வீட்டைப் பார்த்து வியப்பவர்களும் செட்டிநாட்டு வீட்டைப் படம் எடுப்பவர்களும் இந்த வீடுகளை ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தவுடன் தரையை மூடி விட்ரிஃபைட் டைல்ஸ், கூரையை மறைத்து ஃபால்ஸ் சீலிங், முகப்பை மறைத்துப் பளபளக்கும் தகடு என்று மூன்று மூடிகளைப் போட்டுவிடுகிறோம். திருச்சியில் 1987-இல் கட்டிய எங்கள் வீட்டை மூன்று ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்ததில் நான் கற்றுக்கொண்டது இதற்கு நேர்மாறானது: இத்தகைய வீட்டுக்குத் தேவையான களையில் பெரும்பகுதி ஏற்கெனவே அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, அழுக்கையும் அடுக்கடுக்கான பெயிண்டையும் நீக்கி அதை வெளியே கொண்டுவரும் வேலைக்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

முதல் செலவு மொட்டைமாடிக்கு

அழகு வேலையைத் தொடங்குவதற்கு முன் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஒரு லட்ச ரூபாய் ஒதுக்கியிருந்தால், மாடியில் கசிவு இருக்கும் வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போவதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்வது நல்லது. தட்டோடு பதித்த தளமாக இருந்தால் ஓடுகளுக்கு இடையே உள்ள காரை பெயர்ந்திருக்கிறதா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா, நான்கு குடம் தண்ணீரைக் கொட்டினால் எந்த மூலையில் தேங்கி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கீழே கூரையின் அடிப்பக்கத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால், அதன் மேல் வெறுமனே பூசி மறைக்கக் கூடாது. உள்ளே துரு தொடர்ந்து ஊதி, புதுப் பூச்சையும் தள்ளிவிடும். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்குரிய கலவையால் அடைக்க வேண்டும். இரண்டு மூன்று இடங்களுக்கு மேல் இப்படி இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் ஒரு ரூபாய்கூட வேறு வேலையில் போடக் கூடாது.

சுவரில் ஓதம் காப்பதும் அப்படித்தான். எங்கள் படுக்கையறைச் சுவரில் பொருக்கு விட்டிருந்த இடத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தோம். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடம் இட்லி போல உப்பி, விரலால் அழுத்தினால் பொத்தென்று உள்வாங்கியது. சுவருக்குப் பின்னால் இருந்த குளியலறைக் குழாயின் இணைப்பு ஒன்று பல ஆண்டுகளாகக் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. சந்தேகமுள்ள இடத்தில் ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் கோத்திருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. குழாயையோ வெளிப்பூச்சையோ சரிசெய்து, சுவர் முழுமையாக உலர்ந்த பிறகுதான் பெயிண்ட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். முப்பது ஆண்டு கடந்த மின்வயர்களையும் இதே கட்டத்தில் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது. சுவரை உடைக்க வேண்டிய வேலை எதுவானாலும் அது பெயிண்ட்டுக்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

தரை: மூடுவதற்கு முன் ஒரு சதுர அடியைத் தேய்த்துப் பாருங்கள்

மொசைக் தரை இருக்கிற வீட்டுக்காரர் தம்மிடம் என்ன இருக்கிறது என்பதை அறியாமலே அதன் மேல் டைல்ஸ் போட்டுவிடுகிறார் என்பதுதான் என் பெரிய வருத்தம். பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகிய பின் கல்லால் தேய்த்து மெருகேற்றிய தரை அது. சில வீடுகளில் கண்ணாடிப் பட்டைகளால் கட்டம் பிரித்து அந்த இடத்திலேயே போட்டிருப்பார்கள். சில வீடுகளில் பத்து அங்குலச் சதுரக் கற்களாகப் பதித்திருப்பார்கள். இரண்டிலும் மேல்பக்கச் சில்லுப் படலம் மீண்டும் தேய்க்கத் தாங்கும் கனம் கொண்டது. இன்று மங்கலாகவும் பழுப்பாகவும் தெரிவது பெரும்பாலும் பல ஆண்டு அழுக்கும், தேய்ந்துபோன மெருகும்தான். கட்டிலுக்கு அடியில் ஒரு மூலையில் தண்ணீர் விட்டு, தண்ணீரில் தேய்க்கும் எமரித் தாளால் பத்து நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நிறம் தெரியும்.

பாலிஷ் போடுபவர் இயந்திரத்தில் முதலில் கரட்டுக் கல்லையும், பிறகு படிப்படியாக நுண்மையான கற்களையும் மாட்டி, தண்ணீர் விட்டுத் தேய்ப்பார். கடைசியாக ஆக்சாலிக் ஆசிட் பொடியால் மெருகு ஏற்றுவார். கரட்டுக் கல் ஓட்டம் முடிந்தவுடன் வேலையை நிறுத்தச் சொல்லி, தரையைக் கழுவி, ஓட்டைகளையும் சில்லு பெயர்ந்த குழிகளையும் தேடிப் பிடிக்க வேண்டும். வெள்ளைச் சிமெண்டில் தரையின் அடிநிறத்துக்கு ஏற்ற நிறப்பொடியைக் கலந்து அவற்றை அடைத்து, இறுகவிட்ட பிறகே அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். இந்த இடைவேளையைக் கேட்டு வாங்காவிட்டால் பெரும்பாலும் கிடைக்காது. தேய்க்கும்போது வழியும் பால் போன்ற சேற்றைச் சாக்கடைக் குழாயில் விடவே கூடாது. அது உள்ளே இறுகிக் குழாயை அடைத்துவிடும். பக்கெட்டில் வாரி, காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். இந்தச் சேறு சுவரில் இரண்டு அடி உயரத்துக்குத் தெறிக்கும் என்பதால் தரை வேலை முடிந்த பிறகே சுவருக்கு வர்ணம் பூச வேண்டும். நிலைகளின் அடிக்கால்களுக்கு பிளாஸ்டிக் சுற்றிவைக்க வேண்டும்.

எங்கள் கூடத்தில் இரண்டாம் நாள் மாலை சேற்றை வழித்துத் தள்ளியபோது, அதுவரை சாம்பல் நிறம் என்று நாங்கள் நினைத்திருந்த தரைக்குள்ளிருந்து பச்சையும் கறுப்பும் வெளிர் சிவப்புமாகச் சில்லுகள் எழுந்து வந்தன. சமையலறையில் ஆட்டுக்கல் நின்ற இடத்தில் ஒரு வட்டத் தடம் மட்டும் எவ்வளவு தேய்த்தும் லேசாகத் தங்கிவிட்டது. பாலிஷ்காரர் இன்னொரு முறை தேய்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அம்மா அந்த இடத்தைத் தாண்டும்போது இப்போதும் ஒரு கணம் குனிந்து பார்க்கிறார்.

செலவிலும் இது டைல்ஸைவிட வெகுவாகக் குறைவு. பழைய தரைக்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் தரை மட்டம் உயர்ந்து எல்லாக் கதவுகளின் அடியையும் அறுக்க வேண்டிவரும், மாடிப்படியின் முதல் படி மட்டும் உயரம் குறைந்து கால் தடுமாறும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலிஷ் போட்ட தரையைக் கழிவறை கழுவும் ஆசிட்டால் ஒருபோதும் துடைக்கக் கூடாது. பளிங்கு அதில் கரையும். ஒரே நாளில் மெருகு போய்விடும். சமையலறைக் கடப்பாக் கல்லுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்தி, துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கருமை மீண்டுவிடும்.

கதவு, ஜன்னல், கிரில்

அந்தக் காலத்து வீடுகளில் வாசல் நிலையும் கதவும் பல இடங்களில் தேக்கில் அமைந்திருக்கும். உள் நிலைகள் வேம்பாகவோ வேங்கையாகவோ இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் எனாமல் பூசிப் பூசி அந்த மரத்தை யாரும் பார்க்க முடியாதபடி செய்துவிட்டோம். கீல் இருக்கும் பக்கம், கதவின் மேல் விளிம்பு ஆகியவற்றில் பெயிண்ட் படலம் மெல்லியதாக இருக்கும். அங்கே சற்றே சுரண்டிப் பார்த்தால் மரத்தின் தரம் தெரிந்துவிடும். நல்ல மரம் என்றால் வாசல் கதவை மட்டுமாவது உரித்து எடுப்பது, இந்தப் பட்டியல் முழுவதிலும் செலவுக்கு மிஞ்சிய பலன் தரும் வேலை.

இதில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் காரீயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், காரீயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். எனவே பழைய பெயிண்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்புவதும், நெருப்பு காட்டி எரித்து எடுப்பதும் தவறு. கதவைக் கழற்றி வெளியே நிழலில் கிடத்தி, பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறிய படலத்தைத் தகட்டால் வழித்து எடுத்து, மிச்சத்தை ஈர எமரித் தாளால் தேய்க்க வேண்டும். கையுறையும், நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. வழித்த பொருக்குகளைச் செடித் தொட்டியருகே கொட்டாமல் பையில் கட்டி அகற்ற வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்த வேலையைத் தள்ளிவைத்து, பழைய படலத்தை அப்படியே விட்டு மேலே ஒரு கோட் அடிப்பதே அறிவுடைமை.

மரம் தெரிந்த பிறகு ஆசாரியிடம் பளபளக்கும் பாலிஷ் கேட்க வேண்டாம். வெயிலும் மழையும் படாத கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாக இரண்டு மூன்று முறை தேய்த்து ஊறவிட்டால் போதும். ஆண்டுக்கொரு முறை மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், விரித்துக் காயவைத்தே அகற்ற வேண்டும். கைப்பிடியும் தாழ்ப்பாளும் பித்தளையில் வாங்குவது செலவானாலும் தகும். வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரின் கையும் முதலில் தொடும் இடம் அது.

கிரில்லை மாற்றவே வேண்டாம். உள்ளூர்ப் பட்டறையில் ஒரு கொல்லர் தட்டைக் கம்பியை வளைத்துச் செய்த வேலை அது. இன்று அதே வேலையைச் செய்யச் சொன்னால் கூலி கட்டுப்படியாகாது. கம்பித் தூரிகையும் எமரியும் கொண்டு துருவை எடுத்து, மேலே சொன்ன எச்சரிக்கைகளை இங்கும் பின்பற்றி, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், அதன் மேல் மங்கலான கறுப்போ கரும்பச்சையோ இரண்டு கோட் கொடுத்தால், சுவரின் நிறத்தில் கரைந்து கிடந்த சூரியக் கதிர்கள் கோலம் போலத் துலங்கும். உள்ளறைகளின் வெறும் ஃப்ளஷ் கதவுகளுக்கு ஒரு அங்குல மரப் பீடிங்கால் இரண்டு சட்டம் அடித்து வர்ணம் பூசினால் போதும்.

வெளிச்சமும் சுவரும்

கூடத்தின் நடுச் சுவரில் ஒற்றை ட்யூப்லைட் எரியும் வரை நீங்கள் செய்த எந்த வேலையும் கண்ணுக்குத் தெரியாது. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் வெள்ளை விளக்கு 6500 கெல்வின் (ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு), அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். படிக்கவும் காய் நறுக்கவும் அது சரி. மாலையில் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் விளக்குகளை, தலைக்கு மேல் இல்லாமல் உட்கார்ந்தவரின் கண்மட்டத்தை ஒட்டி, இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைக்க வேண்டும். மரமும் செங்கல்லும் பித்தளையும் அந்த ஒளியில்தான் தம் நிறத்தைக் காட்டும். ட்யூப்லைட்டைக் கழற்ற வேண்டியதில்லை. தனி ஸ்விட்ச்சில் இருக்கட்டும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பத்தடி உயரக் கூரையை எட்டரை அடியாக்குவது நம் வெயிலுக்கு ஏற்றதன்று. அது மட்டுமன்றி மேலே கசிவு தொடங்கினால் அதை மாதக்கணக்கில் மறைத்தும் வைத்துவிடும்.

சுவருக்கு ஒரே வெண்மையை வீடு முழுவதும் பூசுவது சிக்கனமானது, தரையின் சில்லுகளுக்கும் இடம் கொடுப்பது. முழு வெள்ளையாக இல்லாமல் சற்றே மஞ்சள் தொட்ட வெள்ளையாகவும், மினுக்கம் இல்லாத மேட் எமல்ஷனாகவும் இருந்தால், கொத்தனார் கரண்டி விட்ட மேடுபள்ளங்கள் குறையாகத் தெரியாமல் கையின் தடமாகத் தெரியும். சுற்றுச்சுவரும் பின்கட்டும் இதுவரை பெயிண்ட் படாத சிமெண்ட் பூச்சாக இருந்தால் சுண்ணாம்பு அடிப்பதைப் பரிந்துரைப்பேன். எமல்ஷன் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுவரை முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து, நீராக மெல்லியதாக மூன்று முறை அடிக்க வேண்டும். அடிக்கும்போது ஒன்றும் தெரியாமல், உலர உலரத்தான் வெளுக்கும். அடிப்பகுதியில் ஒன்றரை அடிக்குக் காவிப் பட்டை விட்டால் மழையில் தெறிக்கும் மண் கறை உறுத்தாது.

ஒரு திண்ணை

புதிதாக ஒன்றே ஒன்று கட்டலாம் என்றால் நான் போர்டிகோவின் ஓரத்தில் திண்ணையைத்தான் கட்டுவேன். இந்தத் தலைமுறை வீடுகள் ஓட்டு வீட்டிலிருந்து இழந்த பகுதி அது. பதினாறு முதல் பதினெட்டு அங்குல உயரம், இரண்டடி அகலம், ஆறடி நீளம் இருந்தால் ஒருவர் படுக்கலாம், நால்வர் பேசலாம். செங்கல் கட்டுவேலை ஒரு நாள். மேல்பரப்பைக் காவித் தரை போலச் செய்வது இன்னொரு நாள். காவிப் பொடியையும் சிமெண்டையும் முழு வேலைக்கும் வேண்டிய அளவுக்கு ஒரே தடவையில், உலர்ந்த நிலையிலேயே கலந்து சலித்துவைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் மறுபடி கலந்தால் நிறம் இரண்டாகத் தெரியும். வெயில் தாழ்ந்த நேரத்தில், ஈரம் முழுதும் போவதற்குள் இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தி இழைத்துக்கொண்டே இருந்தால்தான் மினுமினுப்பு வரும். மறுநாளிலிருந்து ஒரு வாரமாவது தண்ணீர் கட்டி ஈரம் காக்க வேண்டும். பெரிய கூடத்தில் காவித் தரை போட்டால் விரிசல் விடும் ஆபத்து அதிகம். திண்ணை அளவுக்கு அந்தக் கவலை குறைவு. பழகிய கொத்தனார்கள் அருகிவிட்டதால், ஆளைத் தேடும்போது அவர் முன்பு செய்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஆத்தங்குடிக் கல்லை விரும்புகிறவர்கள் அதைப் பூஜையறைக்கோ வாசல் நடைக்கோ, ஐம்பது சதுர அடிக்குள் வைத்துக்கொண்டால் செலவும் அடங்கும், கண்ணுக்கும் நிறையும். காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறக் கலவையைக் கையால் ஊற்றிச் செய்வதால் ஒவ்வொரு கல்லிலும் கோடு சற்றே வேறுபடும். அந்த வேறுபாட்டைக் குறை என்று கடைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள்.

வாங்கும் பொருள்கள்

வாங்கப் போவதற்கு முன் லாஃப்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் லாஃப்டிலிருந்து ஒரு செப்பு அண்டா, தாத்தாவின் சாய்வு நாற்காலிச் சட்டம், இரண்டு பித்தளைத் தூக்கு விளக்கு ஆகியவை இறங்கின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனாலும், வீட்டில் வேலை செய்யப்போகும் பொருளையே வாங்க வேண்டும். எதையும் தாங்காமல் மூலையில் நிற்கும் தூண் நாடக மேடைப் பொருள் போலத் தெரியும். அதே விலைக்கு ஒரு மரப் பெட்டியோ பெஞ்சோ வாங்கினால் தினமும் உட்காரலாம். ஊஞ்சல் ஆசை இருந்தால் மின்விசிறிக் கொக்கியில் ஒருபோதும் மாட்டக் கூடாது. கட்டும்போதே உத்திரக் கம்பியோடு கட்டிவிட்ட கொக்கி இல்லாத வீட்டுக்குத் தரையில் நிற்கும் சட்டமுள்ள ஊஞ்சலே பாதுகாப்பானது.

தரையில் பவானி ஜமுக்காளம், திண்ணையில் பத்தமடைப் பாய், ஜன்னலுக்குத் திரையாக அம்மாவின் உடுத்திப் பழகிய சுங்குடிச் சேலை ஆகியவற்றுக்கு மிகக் குறைந்த செலவே ஆகும். ஐந்தரை மீட்டர்ச் சேலையை இரண்டாக வெட்டினால் ஒரு ஜன்னலுக்குச் சரியாக இருக்கும்.

வீட்டின் முகம்

முகப்பில் செய்ய வேண்டியது பெரும்பாலும் கழிப்பதுதான். பயன்படாத டிஷ் ஆன்டெனா, அறுந்து தொங்கும் கேபிள், குறுக்கே ஓடும் குழாய்கள் ஆகியவற்றை அகற்றியோ ஒழுங்குபடுத்தியோ விட்டால் சன்ஷேடுகளின் நேர்க்கோடு தானாக எடுத்துக்காட்டும். போர்டிகோத் தூணிலிருந்து மூன்று அங்குலம் தள்ளிக் கம்பி கட்டி ரங்கூன் மல்லியை ஏற்றினால், மாலையில் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். இரவில் வாசல் முழுவதும் மணக்கும். சுவரை ஒட்டி நேராக ஏற்றினால் ஈரம் தங்கிப் பூச்சு கெடும் என்பதால்தான் அந்த இடைவெளி.

கடைசியாக, கைப்பிடிச் சுவரில் இருக்கும் எழுத்துகள். முப்பது ஆண்டுப் பெயிண்ட்டில் அவை மழுங்கியிருக்கும். மழையில்லாத ஒரு காலையில் ஏணி வைத்து, ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள, மூங்கில் குச்சியாலும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷாலும் பள்ளங்களில் அடைந்த பொருக்கைத் தண்ணீர் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும். இரும்பு உளி வேண்டாம், சிமெண்ட் பெயர்ந்துவிடும். சுத்தம் செய்தபோது எங்கள் வீட்டு ‘1987’-இல் ஏழின் வாலில் கொத்தனார் கரண்டி நுனியால் இழுத்த கோடு ஒன்று அப்படியே இருந்தது. அரை அங்குலத் தூரிகையால் எழுத்தின் மேல்முகத்துக்கு மட்டும் கரும்பச்சை பூசி, அந்தக் கோட்டை அடைக்காமல் விட்டோம்.